கரிசல் காட்டில் நாணயம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் பணத்தைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்ற ஐயம் எழக்கூடும். அதற்கான விடை தமிழ்ச் சொல் ஒன்றிலேயே இருக்கிறது. நாணயம் என்பது அச்சொல். கையில் புழங்கும் காசுக்கும் அது பெயர். மனிதரின் நேர்மைக்கும் அதுவே பெயர். ‘அவர் நாணயமானவர்’ என்று ஊரார் சொன்னால், அவரிடம் நிறையக் காசு இருக்கிறது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. சொன்ன சொல் தவறாதவர், வாங்கியதைத் திருப்பித் தருபவர், அளவையிலும் நிறுவையிலும் கைவைக்காதவர் என்றே பொருள் கொள்கின்றனர். இரு பொருளையும் ஒரே சொல்லில் வைத்துப் புழங்கிய சமுதாயம், ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்று செல்லாது என்பதை நன்கு அறிந்திருந்தது எனலாம்.

கடந்த பத்தாண்டுகளில் அச்சொல்லின் முதற்பொருள் பேரளவில் உருமாறிவிட்டது. காசும் தாளும் கைப்பேசித் திரையில் தோன்றி மறையும் எண்களாகிவிட்டன. கடனும் சேமிப்பும் காப்பீடும் பங்கு முதலீடும் அதே திரைக்குள் வந்து சேர்ந்துவிட்டன. அப்படியாயின், இரண்டாம் பொருளான நேர்மை எங்கே போய்ச் சேர்ந்தது? பணம் எண்ணாகிய பின் அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடையைப் பெருநகரங்களில் தேடுவதைக் காட்டிலும், கடம்பூரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் மண்ணிலும் தேடுவது பொருத்தமாகும். மழையை நம்பி விதைக்கும் மண்ணில்தான் கடன், காத்திருப்பு, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

போளியும் சில்லறையும்

வெளியூரார்க்குக் கடம்பூர் என்றதும் நினைவுக்கு வருவது போளி. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே அமைந்தது இவ்வூர் நிலையம். ஒற்றைப் பாதைக் காலத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களே போளி வியாபாரத்தின் மூலதனம். போளி கைமாறுவதில் தாமதம் இல்லை; தாமதம் எல்லாம் சில்லறையில்தான். நூறு ரூபாய்த் தாளை நீட்டியவருக்கு மீதம் எண்ணிக் கொடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். வண்டியோடு ஓடிச் சன்னல் வழியே மீதத்தைக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க நின்ற வியாபாரிகள் உண்டு. அவர்களுடைய அந்த ஓட்டத்தில் இருந்தது நாணயத்தின் இரண்டாம் பொருள்.

பாதை இரட்டையாயிற்று; காத்திருப்புக் குறைந்தது. பணம் கைமாறும் நேரமும் உடன் குறைந்தது. கழுத்தில் கியூ.ஆர். அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு விற்பவரை இன்று ஓடும் வண்டிகளில் காண்பது புதுமையன்று. 2016 ஏப்ரலில் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அறிமுகம் செய்த யு.பி.ஐ. முறையே இதற்கு அடிப்படை. எந்த வங்கியில் கணக்கிருந்தாலும், எந்தச் செயலியைக் கையாண்டாலும், அட்டையிலுள்ள சதுரக் குறியைக் கைப்பேசிக்குக் காட்டி இரகசிய எண்ணைப் பதிந்தால் பணம் நொடிப்பொழுதில் கணக்கு மாறிவிடுகிறது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டதும், 2020இல் வந்த பெருந்தொற்றும் இம்முறையை விரைவுபடுத்தின. 2016–17ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் 2 கோடியைக்கூட எட்டாத பரிமாற்றங்களின் எண்ணிக்கை, 2024–25ஆம் நிதியாண்டில் 18,500 கோடியைக் கடந்தது.

இப்பேரெண்களின் பொருளைச் சிறு பெட்டிக்கடையில் நின்றால் உணரலாம். தீப்பெட்டித் தொழிலின் தாயகமான இவ்வட்டாரத்தில், சில்லறை இல்லாதபோது தீப்பெட்டியே காசாகப் புழங்கியது. மீதம் 50 காசு என்றால் ஒரு தீப்பெட்டியைக் கையில் வைப்பார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு வழியில்லை. தீப்பெட்டியின் விலை 2007இல் ஒரு ரூபாயாகவும், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாகவும் உயர்ந்தது. சில்லறைக்குப் பதிலாக அதைக் கொடுக்கும் வழக்கமும் பெரும்பாலும் ஒழிந்தது. ஏழு ரூபாய்க்கு இன்று ஏழு ரூபாயே செல்கிறது. எண்ணாகிய பணம் அளவில் பிசகுவதில்லை என்பது சிறிய நன்மையன்று.

ஆயினும் கடைகளில் வைக்கப்பட்டுள்ள ஒலிப்பெட்டியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் வந்து சேர்ந்ததும் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்கிறது அப்பெட்டி. திரையில் எண்ணைக் கண்டு மட்டும் கடைக்காரர் மனம் ஆறுவதில்லை. வாய்ச்சொல்லாகக் காதில் விழ வேண்டியிருக்கிறது. இயந்திரத்தை ஆக்கியவர்களும், பணத்துக்குச் சாட்சியாக ஒரு குரல் வேண்டும் என்பதைக் கண்டுகொண்டனர்.

முன்னரும் வந்த இயந்திரங்கள்

தொழில்நுட்பம் பணத்தின் போக்கை மாற்றுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. ‘டின்னிவெல்லி’ என்ற பெயரில் இவ்வட்டாரப் பருத்தி இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தைவரை அறியப்பட்டிருந்தது. 1870இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் கடலடித் தந்தி இணைப்பு ஏற்பட்டபின், அந்நாட்டு விலை துறைமுக வணிகருக்கு விரைவில் தெரியலாயிற்று. காட்டில் பருத்தி எடுத்தவருக்கோ அது தெரியவில்லை. செய்தி முதலில் எவர் காதில் விழுகிறதோ அவர் பக்கம் இலாபம் சாய்ந்தது. புதிய இயந்திரம் வந்த முதல் நாளிலேயே எல்லார்க்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பது அன்று கண்ட முதல் பாடம்.

இரண்டாம் பாடம் எட்டயபுரத்தில் கிடைத்தது. பாரதியின் தந்தையார் சின்னசாமி ஐயர் இயந்திரக் கல்வியில் ஆர்வம் மிக்கவர். கரிசலில் விளையும் பருத்தியைக் கரிசலிலேயே பக்குவம் செய்ய வேண்டும் என்று ஆலை ஒன்றை நிறுவ முற்பட்டார். முயற்சி முறிந்தது, கைப்பொருள் கரைந்தது, 1898இல் அவர் மறைந்தார். வறுமை இளம் பாரதியைச் சூழ்ந்தது. இயந்திரத்தில் இட்ட முதல் அழிவதும் உண்டு, அவ்வழிவு அடுத்த தலைமுறையின் தலையில் விழுவதும் உண்டு என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் பாடம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை தந்தது. 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பெற்ற சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்நாளில் 25 ரூபாய் சிறு தொகையன்று. ஆயினும் பங்கு வாங்கியவர்கள் ஒரு தாளை வாங்கவில்லை. ஒரு மனிதரின் சொல்லை வாங்கினார்கள். கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் சென்று, கூடவே குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் இலவசத்துக்குத் தேவை என்ன இருக்கிறது? இலவசமாகக் கிடைக்கும் வசதியின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்கும் வழக்கத்தை அக்குடையே இம்மண்ணுக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

வெற்றி பெற்ற முயற்சியும் உண்டு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பெற்றது. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுநிதி சேர்த்த பழக்கம் வேரூன்றியிருந்த சமூகம் அது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் பங்குகள் 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைப் பட்டியலில் இடம்பெற்றன. ஒருவரை ஒருவர் அறிந்தோர் கூடித் தொடங்கிய நிறுவனத்தின் பங்கை, ஒருவரை ஒருவர் அறியாதோர் கைப்பேசியில் வாங்கவும் விற்கவும் வழி பிறந்ததற்கு நூறாண்டுகள் பிடித்தன.

முகம் பார்த்துக் கொடுத்த கடன்

வங்கி வாராத ஊர்களில் பணத்தின் வாழ்வு வேறு வகையாக நடந்தது. கைமாற்று, சீட்டு, அடகு, புரோநோட்டு என்பன அதன் வடிவங்கள். விதைப்புக் காலத்தில் கமிஷன் கடையிலோ பலசரக்குக் கடையிலோ பற்று வைத்து, விளைந்ததைப் போட்டுக் கணக்கைத் தீர்ப்பது வழக்கம். கடன் கொடுப்பவருக்கு வாங்குபவரின் நிலம் எது, அதில் எந்த அளவு மழை விழுந்தது, வீட்டில் கல்யாணம் எப்போது என்பதெல்லாம் தெரியும். மழை பொய்த்தால் ‘அடுத்த வெள்ளாமையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் இடம் அங்கே இருந்தது. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போகாமல் இருந்ததற்குக் காரணம் சட்டமன்று. அடுத்த நாள் அதே தெருவில் நடக்க வேண்டும் என்ற நாணம்.

ஆனால் இப்பழமையைப் பொற்காலம் என்று பாடுவது உண்மைக்குப் புறம்பாகும். முகம் பார்த்துக் கொடுத்த கடன், சாதி பார்த்தும் கொடுக்கப்பட்டது. சிலருடைய கையிலிருந்து காசை நேரே வாங்காமல், கீழே வைக்கச் சொல்லி எடுத்த கடைகள் இருந்தன. பெண்ணின் பெயருக்குக் கடன் இல்லை. அவள் கழுத்து நகைக்கே கடன் இருந்தது. புரோநோட்டில் எழுதிய தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை ஒன்று என்பதும் பலர் அறிந்ததே. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பின்னரும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் இரு குழந்தைகள் உள்ளிட்ட ஒரு குடும்பம் தீக்கிரையான கொடுமையை நாடு கண்டது. முகம் தெரிந்தவரிடம் வாங்கிய கடன் எல்லாம் கருணையுள்ள கடன் ஆகிவிடாது.

ஆகவே, இயந்திரம் சாதி கேட்பதில்லை என்பதும், கியூ.ஆர். அட்டை கையின் தீட்டுப் பார்ப்பதில்லை என்பதும் வரலாற்றில் குறிக்கத்தக்க மாற்றங்களே ஆகும்.

அதே கட்டைவிரல்

எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரி புரோநோட்டில் கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தார். எழுதியிருப்பது என்ன என்பது அவருக்குத் தெரியாது. படித்துச் சொன்னவரின் நாணயமே அவருக்குத் துணை. இன்றும் அதே கட்டைவிரல் வேலை செய்கிறது. 2010 முதல் வழங்கப்பட்டு வரும் ஆதார் எண்ணும், 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்குகளும், கைப்பேசி இணைப்பும் ஒன்றுசேர்ந்தபோது, வங்கி முகவர் கொண்டுவரும் சிறு கருவியில் விரலை வைத்துப் பணம் எடுக்கும் முறை சிற்றூர்களுக்கு வந்தது.

இதன் பயனைக் குறைத்துச் சொல்லலாகாது. நூறு நாள் வேலைக்கான கூலி இடையில் நிற்போர் கைபடாமல் கணக்குக்கு வரலாயிற்று. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் நேரே சேர்ந்தது. தன் பெயரில் கணக்கு, தன் பெயருக்கு வரும் குறுஞ்செய்தி, தான் எடுத்தாலன்றிக் குறையாத தொகை என்பன, தீப்பெட்டி ஒட்டியும் களை எடுத்தும் வாழ்ந்த பெண்ணுக்கு அவளுடைய தாய் அறியாத உரிமைகள்.

ஆனால் மண்ணிலும் மருந்திலும் உழைத்து ரேகை தேய்ந்த விரலை அக்கருவி சில நேரங்களில் அறிந்துகொள்வதில்லை. உழைத்ததற்கு அடையாளமான தேய்வே, அவர் அவரல்லர் என்று மறுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. அவரை நாற்பதாண்டுகளாக அறிந்த ஊரார் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னாலும் கருவிக்குக் காது இல்லை. விரல் பதிந்தாலும் மற்றோர் இடர் உண்டு. முகவர் எவ்வளவு தொகை பதிந்தார், எவ்வளவு கையில் தந்தார் என்பதைப் படித்தறிய இயலாதவர், கைநாட்டுக் காலத்துச் சம்சாரி நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார். மை போய் ஒளி வந்தது. படித்துச் சொல்பவரின் நாணயத்தை நம்பும் நிலை போகவில்லை.

மழையும் மாதத் தவணையும்

கடன் இயந்திரத்தின் கைக்குச் சென்றபோது மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தையை ஒட்டிக் களத்துக்கு வரும். பருத்தி அதற்கும் பின்னே வரும். மானாவாரிச் சம்சாரிக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. கடனோ மாதந்தோறும், சில இடங்களில் வாரந்தோறும், தவணை கேட்கிறது. பணத்தின் வேகத்தைத் தொழில்நுட்பம் நூறு மடங்கு ஆக்கியது. உளுந்தின் வேகத்தை ஒரு நாள்கூடக் கூட்டவில்லை. இந்த இடைவெளிதான் இன்றைய இடர்ப்பாட்டின் வேர்.

பணம் அனுப்புவதற்குச் செயலிகளில் கட்டணம் இல்லை. ஆயின் அதே திரையில் கடனும் தங்கமும் காப்பீடும் பங்கும் கடை விரிக்கின்றன. குடையின் கதையை இங்கே நினைவுகூரலாம். உடனடிக் கடன் தரும் செயலிகள் பெருகி, கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவரை அவர்கள் முன் அவமானப்படுத்திய செய்திகள் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் குவிந்தன. தெருவில் நடக்க வேண்டுமே என்ற பழைய நாணத்தை, முகமே இல்லாத ஒருவர் ஆயுதமாக்கிக்கொண்டார். ரிசர்வ் வங்கி 2022இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. கடன் தொகை வாங்குபவரின் கணக்குக்கு நேரே செல்ல வேண்டும், செயலிகள் தொடர்பு எண்களின் பட்டியலைத் தொடலாகாது என்பன அதன் விதிகளுட் சில.

கடன் தகுதியை அளக்கும் முறையும் மாறிற்று. 2000இல் நிறுவப்பெற்ற சிபில் நிறுவனத்தின் பெயரே இன்று ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லாகிவிட்டது. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் ஒன்று மனிதரின் நாணயத்தைச் சொல்கிறது. பலசரக்குக் கடைப் பற்றை முப்பதாண்டுகளாக ஒரு காசு குறையாமல் தீர்த்தவர், வங்கியில் கடன் வாங்கியதே இல்லையெனில், அவ்வேட்டில் அவருக்கு மதிப்பெண்ணே இராது. ஊர் அறிந்த நாணயம் இயந்திரம் அறியாத நாணயமாகிவிடுகிறது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே முரண் உண்டு. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு உணவுப் பயிருக்குக் காரிப் பருவத்தில் 2 விழுக்காடு, ராபிப் பருவத்தில் 1.5 விழுக்காடு. அடங்கல் பெற்று, பொதுச் சேவை மையத்தில் பதிந்து, இரசீது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விளைச்சல் இழப்பு பெரும்பாலும் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பரப்பு ஒன்றில் பயிர் அறுவடைச் சோதனை நடத்திச் சராசரி காண்கின்றனர். எருதின் ஒரு கொம்பு நனைய மறு கொம்பு காயும்படி பெய்வது கரிசல் மழை. சராசரிக்கு ஒரே கொம்புதான். தன் வயல் காய்ந்தும் இழப்பீடு வராதவர் எவரிடம் சென்று கேட்பது என்று அறியாமல் நிற்கிறார்.

பங்கும் பந்தயமும்

முதலீட்டுக்கு வருவோர் தொகையும் பெருகிவிட்டது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினி வழி வணிகத்தைத் தொடங்கியது. 1996இல் பங்குகளைத் தாளின்றி மின்கணக்கில் வைக்கச் சட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் நாட்டிலுள்ள டீமேட் கணக்குகள் 10 கோடியைக் கடந்தன. மாதம் சில நூறு ரூபாயைப் பரஸ்பர நிதியில் இட்டு நீண்ட காலம் பொறுத்திருக்கும் வழி சிற்றூர் இளைஞருக்கும் திறந்திருக்கிறது. முன்பு பம்பாயிலும் சென்னையிலும் இருந்தோர்க்கே எட்டிய கதவு அது. இதை வரவேற்க வேண்டும்.

அதே கதவின் வழியே மற்றொன்றும் நுழைந்தது. முன்பேர வணிகம் என்றும் ஆப்ஷன் என்றும் வழங்கும் ஒப்பந்தங்களில் பங்கேற்ற தனிமனிதர்களைப் பற்றிப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்றாண்டுகளில் அவ்வாறு ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்டோரில் 93 விழுக்காட்டினர் நட்டம் அடைந்தனர். அவர்களுடைய சராசரி நட்டம் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். தனிமனிதர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023–24இல் ஈடுபட்டோரில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்கு உட்பட்டோர். 72 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே வாழ்வோர். இவ்வெண்கள் தொலைவிலுள்ள எவரையோ பற்றியவை அல்ல. கோவில்பட்டி போன்ற ஊர்களின் பிள்ளைகளைப் பற்றியவை.

1906ஆம் ஆண்டின் 25 ரூபாய்ப் பங்கையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அன்றைய பங்குக்குப் பின்னால் ஒரு கப்பல் இருந்தது. கப்பலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். நட்டம் வந்தபோது தம் செல்வத்தையும் விடுதலையையும் இழந்து அதற்கு அவர் பொறுப்பேற்றார். சில நாள்களில் காலாவதியாகும் ஆப்ஷனை வாங்குபவருக்குக் கப்பலும் சொந்தமில்லை, ஆலையும் சொந்தமில்லை. விலை ஏறுமா இறங்குமா என்ற ஊகமே அவர் வாங்கும் பொருள். வணிகருக்கு அது இழப்பைத் தடுக்கும் கருவியாகலாம். தந்தை நகையை அடகு வைத்து அனுப்பிய பணத்தில் மகன் அதை ஆடும்போது அது பந்தயமே. எட்டயபுரத்து ஆலை முறிந்தது. ஆயினும் அங்கே பொருள் ஆக்கும் எண்ணம் ஒன்று இருந்தது. இழப்பு ஒன்றேயாயினும், எண்ணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

கதவைத் தூக்கியவர் யார்?

இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையை இவ்வவை நன்கு அறியும். தீர்வைப் பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைப் பெயர்த்து எடுத்துச் செல்கின்றனர். எடுத்துச் சென்றவர் யார் என்பது குழந்தைகளுக்குத் தெரியும். கதவு எங்கே கிடக்கிறது என்பதைப் பின்னர் கண்டும் விடுகின்றனர். கொடுமைக்கு அன்று முகமும் இடமும் இருந்தன. இன்று கணக்கிலிருந்து தவணை தானே பிடித்தம் ஆகிறது. இருப்புப் போதாமல் திரும்பினால் அதற்கும் அபராதம் பிடித்தம் ஆகிறது. தூக்கிச் சென்றவர் எவர் கண்ணிலும் படுவதில்லை. குறுஞ்செய்தி ஒன்று ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் என்பதே இங்கே இலக்கிய வட்டத்துக்கு உரிய செய்தி. பேரேடு, சிட்டை, பற்று, வரவு, வட்டி, முதல், ஈடு, தவணை, தீர்வை என்று பணத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் இம்மொழியில் சொல் இருந்தது. அச்சொற்கள் கல்லாதவர் வாயிலும் புழங்கின. இன்றைய ஒப்பந்தமோ பல பக்க அளவில் ஆங்கிலத்தில் வருகிறது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் கட்டத்தை விரல் தொட்டதும் முடிந்துவிடுகிறது. இதுவும் ஒரு கைநாட்டே. பட்டம் பெற்றவரும் இவ்விடத்தில் கைநாட்டுக்காரரே.

இதற்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிமனிதர்க்கு வழங்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, வட்டி, கட்டணங்கள், திருப்பிச் செலுத்தும் தொகை, குறை தீர்க்கும் அலுவலர் ஆகிய விவரங்கள் அடங்கிய முதன்மைக் குறிப்புத் தாளைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும். அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். புரியும் மொழி என்று சட்டமே சொன்னபின், கேட்டுப் பெறாதிருப்பது யாருடைய குறை?

அஞ்சலகத் திண்ணையில் அமர்ந்து, மணியார்டர் படிவம் நிரப்பிக் கொடுத்தும், பம்பாயிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லியும் உதவிய படித்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். அவர்கள் இலக்கியம் படைக்கவில்லை. ஆயினும் எழுத்தறிவின் முதற்கடனைச் செலுத்தினார்கள். தமிழை நன்கு அறிந்தோர் கூடிய ஒரு வட்டம், அடுத்த பத்தாண்டுகளுக்கு அத்திண்ணையை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். கடன் தாளையும் காப்பீட்டு இரசீதையும் கைப்பேசிச் செய்தியையும் கொண்டுவருவோர்க்குத் தமிழில் படித்துச் சொல்வதே வேலை. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கொடுப்பவர் யார்? கைக்கு வருவது எவ்வளவு? திருப்பித் தருவது மொத்தம் எவ்வளவு, எந்த நாளுக்குள்? தவறு நேர்ந்தால் யாரிடம் கேட்பது? இந்நான்கில் ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் அப்பணத்தைத் தொடாதிருப்பது நலம். ஏமாற்றுக்கு உள்ளானோர் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும் என்பதையும் அத்திண்ணை ஊருக்குச் சொல்லலாம்.

வங்கிகளும் அரசும் செய்ய வேண்டியது வேறு. மானாவாரிச் சம்சாரியின் தவணையை மாதத்தோடு கட்டாமல் வெள்ளாமையோடு கட்ட வேண்டும். தேய்ந்த விரலுக்கு மாற்று வழி ஒவ்வொரு முகவரிடமும் இருக்க வேண்டும். இழப்பீடு மறுக்கப்பட்டவருக்குக் காரணம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். இவை எட்டாக் கனிகள் அல்ல. நொடியில் கோடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் இயந்திரத்துக்கு, ஒரு சம்சாரியின் தை மாதத்தை நினைவில் வைப்பது அரிய செயலாகாது. அதை நினைவில் வைக்கச் சொல்லும் மனம்தான் வேண்டும்.

காசு தாளாயிற்று, தாள் எண்ணாயிற்று, நாளை எண் வேறொன்றாகலாம். அம்மாற்றங்களை எவரும் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எந்த வடிவில் புழங்கினாலும், அதற்குப் பின்னால் பொறுப்பேற்று நிற்கும் ஒருவர் இல்லையென்றால் அது செலாவணியாக இருக்கலாம். தமிழில் அதற்கு நாணயம் என்று பெயர் இல்லை.